கறுப்பு எருதின் நுரை

ஹாதர்விக் ஊரின் வரலாறு என்று நகர மன்றத்தார் அச்சிட்டு விற்கும் மெலிந்த புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தில், கறுப்பு எருது விடுதியை நடத்திய ஹெப்ஸிபா கிராக்கர் அம்மையார் 1871ஆம் ஆண்டுக் கோடையில் தம் போட்டியாளருக்கே நுரை கொடுத்து உதவிய பெருந்தகை என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு விடுதிகளின் வாசலிலும் நின்று நாலு பேரை விசாரிக்கச் சோம்பியவர் எழுதிய வாக்கியம் அது. அச்சில் ஏறிவிட்ட காரணத்தாலேயே ஒரு பொய் மரியாதை பெற்று, ஆண்டுக்காண்டு மறுபதிப்புக் காண்கிறது. நடந்தது வேறு.

ஹாதர்விக்கில் செவ்வாய்தோறும் சந்தை. ரயில் வருவதற்கு முன் அந்தச் சந்தைத் திடலைச் சுற்றிப் பதினான்கு மதுவிடுதிகள் இருந்தன. பதினான்கும் தத்தம் பின்கட்டிலேயே பீர் காய்ச்சின. எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஊறிய பார்லியின் இனிப்பு வாடை மூக்கில் அடிக்கும். ரயில் வந்தது. அதனோடு பெரிய ஊர் ஆலைகளின் பீப்பாய்களும் வந்து இறங்கின. ஒவ்வொரு விடுதியாகத் தன் கொப்பரையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஆலை பீரை ஊற்றத் தொடங்கியது. 1871இல் சொந்தமாகக் காய்ச்சிய வீடுகள் ஐந்தே. ஐந்திலும் பேர்பெற்றவை இரண்டு. திடலின் வடபுறத்தில் கறுப்பு எருது; அதற்கு நேர் எதிரே, வாசலுக்கு வாசல் பார்த்தபடி, அன்னம்.

இரண்டையும் அண்ணன் தம்பியரான டோபியாஸ் கிராக்கரும் ஜெத்ரோ கிராக்கரும் நடத்தி வந்தார்கள். இருவரும் இறந்துபோக, இரண்டு விடுதிகளும் இரண்டு கைம்பெண்களிடம் வந்து சேர்ந்தன. மூத்தவள் ஹெப்ஸிபா, ஐம்பத்திரண்டு வயது, கூழ் கிளறும் துடுப்பைப் பிடித்துப் பிடித்துத் தச்சனுடையவை போல் உரமேறிய கைகள். இளையவள் லவினியா, மேட்டுப் பண்ணை ஒன்றில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தவளை ஜெத்ரோ கைப்பிடித்து அழைத்து வந்தான். ஓரகத்திகள் ஒரு கூரையின் கீழ் இருந்தாலே அடுப்புப் புகையும். இவர்களுக்கு இடையில் இருந்தது ஒரு திடலும் ஒரு பச்சைக் கிளையும்.

கிளையின் கதை இது: ஜூலை மாதத்து இரண்டாம் செவ்வாயன்று, ஊர்மன்றம் தேர்ந்தெடுத்த சுவைகாணிகள் மூவர், மணியடிப்பவன் முன்னே செல்ல, விடுதி விடுதியாகப் போய்ப் பீரைச் சுவைப்பார்கள். எந்த வீட்டுப் பீர் சிறந்ததோ அந்த வீட்டு வாசலின் மேல் பசுமை மாறாத ஹாலி மரக்கிளை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள். அது அடுத்த ஜூலை வரை அங்கேயே இருக்கும். அதற்குப் பரிசுப் பணமில்லை, பட்டயமில்லை. ஆயினும் சந்தைக்கு வரும் குடியானவன் முதலில் அண்ணாந்து பார்ப்பது கிளை எங்கே தொங்குகிறது என்றுதான்.

பதினொரு ஆண்டுகள் அது கறுப்பு எருதின் வாசலில் தொங்கியது. கடந்த மூன்று ஆண்டுகளாக அன்னத்தின் வாசலில் தொங்குகிறது. ஜெத்ரோ வண்டியிலிருந்து விழுந்து இறந்தபோது, அன்னம் ஆறு மாதம் தாங்காது என்று ஊரே சொல்லிற்று. ஹெப்ஸிபாவும் துக்கம் கேட்கப் போன இடத்தில் அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த ஆண்டே கிளை இடம் மாறிற்று.

அன்றிலிருந்து ஹெப்ஸிபாவின் அடிவயிற்றில் ஒரு கங்கு அணையாமல் கிடந்தது. முன்கூடத்துச் சன்னல் அவளுக்கு வேலைக்களமாகிவிட்டது. அன்னத்தினுள் நுழைகிறவர் யார், எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறார், சிரித்துக்கொண்டு வருகிறாரா என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். லவினியா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் எரிந்தது. தொட்டியில் செம்பூச்செடி வைத்தால் எரிந்தது. மாவுமில்லின் வண்டிக்காரன் கடிவாளத்தைத் தொடாமலேயே அவன் குதிரை அன்னத்தின் முன் தானாக நின்றதைக் கண்ட நாளில் அவளுக்கு இராச்சாப்பாடு இறங்கவில்லை. மனிதர்களை மயக்கலாம், குதிரையை எப்படி மயக்கினாள் அந்த வெண்ணெய்க்காரி?

கொப்பரையில் நீர் கொதித்து இறங்கியபின், ஆவி விலகி நீர்ப்பரப்பில் தன் முகம் தெளிவாகத் தெரியும் கணத்தில் பார்லி நொய்யைக் கொட்ட வேண்டும். முந்தினால் கூழ் கருகும், பிந்தினால் அதிலிருந்து வடியும் சாறு இனிக்காது. மாமியார் அவளுக்குக் காட்டிய கணக்கு அது. பதினொரு ஆண்டுகள் அவள் குனிந்து தன் முகத்துக்காகக் காத்திருந்தாள். இப்போதெல்லாம் அந்த வேலையைப் பணியாள் ஈனாக்கிடம் விட்டிருந்தாள்.

"அம்மா, ஆவி அடங்குது. வந்து பாருங்க," என்று அவன் பின்கட்டிலிருந்து கூவுவான்.

"உன் மூஞ்சி தெரியுதா?"

"தெரியிற மாதிரியும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு."

"தெரிஞ்சா கொட்டு. உன் மூஞ்சியப் பாக்க நான் வேற எந்திரிச்சு வரணுமா?" என்பாள் அவள், சன்னலை விட்டு அகலாமல்.

அவ்வாண்டு ஜூன் கடைசியில் வெயில் சட்டெனக் கடுமையாகி, திங்கட்கிழமை பிற்பகல் இடி இடித்தது. புதன்கிழமை நண்பகலில், அன்னத்தின் கதவு திறந்து லவினியா வெளியே வந்தாள். கையில் நீலக்கரை போட்ட கிண்ணம்; அதன் மேல் வெள்ளைத் துணி. கொல்லைவழியை நாடாமல், நாற்பது பேர் பார்க்கத் திடலின் நடுவே நடந்து, கறுப்பு எருதின் முன்வாசலுக்கு வந்து நின்றாள். ஹெப்ஸிபா சன்னலில் இருந்தபடியால் அந்த நடையின் ஒவ்வோர் அடியையும் பார்த்தாள். கிண்ணத்தைக் கண்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, நுரை கேட்டு வந்திருக்கேன்."

பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்டை அந்த ஊரார் நுரை என்றே சொல்வார்கள். ஒவ்வொரு காய்ச்சலிலும் பொங்கி எழுவதை வழித்து, நிலவறையின் குளிரில் ஜாடியில் காத்து, அடுத்த காய்ச்சலுக்கு இடுவார்கள். அது கெட்டுப்போனால் அடுத்த வீட்டில்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சட்டம் உண்டு; எழுதப்படாததாயினும் ஊர்மன்றத்தின் எழுத்தைவிட உறுதியானது. பக்கத்து வாசலை, எதிர்வாசலும் அதில் சேர்த்தி, தாண்டி அடுத்த வாசலில் கேட்கலாகாது. அது பக்கத்து வீட்டுக்கு அவமானம். கேட்டவருக்கு இல்லை என்னலாகாது. காசு வாங்கலாகாது. வாங்கியவர் நன்றி சொல்லவும் கூடாது. நன்றி என்ற சொல் காதில் விழுந்தால் கொடுத்தவர் வீட்டு ஜாடி திரிந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். ஆகையால் நுரை வாங்கியவர் தலையைக்கூட அசைக்காமல் திரும்பிப் போய்விடுவார்.

"யாருக்கு நுரை?" என்றாள் ஹெப்ஸிபா, தெரிந்தே.

"எனக்குத்தான். திங்கக்கெழமை இடியில எங்க ஜாடி மொத்தமும் திரிஞ்சுபோச்சு. மோந்து பாத்தா காடி வாடை. அடுத்த செவ்வாய் விட்டு அதுக்கடுத்த செவ்வாய் சுவை பாக்க வந்துருவாங்க. நாளைக்குள்ள காய்ச்சணும்."

"மூணு வருஷமா கிளை தொங்குற வீடாச்சே. எங்க வீட்டு நுரை உனக்கு ஒத்துக்குமா?"

"ஏன் ஒத்துக்காம? ரெண்டு பேரும் ஒரே மாமியார்கிட்டத் திட்டு வாங்குனவங்கதான?" என்று லவினியா சிரித்தாள்.

கூடத்தில் பாலாடைக்கட்டியும் ஊறவைத்த வெங்காயமும் தின்றுகொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களில் சேணம் தைக்கும் லஸ்கம் இருந்தார். அவ்வாண்டின் தலைமைச் சுவைகாணி அவர்தாம்.

"ஏம்மா எருதம்மா, ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்," என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டு. "இரவல் நுரையில காய்ச்சின பீரு ஜெயிச்சா, நுரை குடுத்த வீட்டுக்காரங்கதான் ஏணியில ஏறி ஆணி அடிக்கணும். உங்க மாமியார் காலத்துல ஒரு தடவ நடந்துச்சு. நான் சின்னப் பயலா நின்னு பாத்தேன்."

"அடிச்சாப் போச்சு. சுத்தியல் என்ன, பீப்பாய் கனமா?" என்றாள் ஹெப்ஸிபா. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள்.

ஜாடியின் மூடியைத் திறந்தபோது நுரை குளிர்ந்து, கெட்டியாக, ஆப்பிள் மணம் வீசிக்கொண்டிருந்தது. டோபியாஸின் தாய் காலத்திலிருந்து ஒருநாளும் சாகாமல் வந்த நுரை. அகப்பையால் மொண்டு கிண்ணத்தை நிரப்பினாள். நிரப்பிய கையோடு மேலே ஏறியிருந்தால் பதினேழாம் பக்கம் உண்மையாகியிருக்கும்.

அவள் பின்கட்டு வழியாகச் சமையலறைக்குள் போனாள். ஈனாக் பீப்பாய் உருட்டப் போயிருந்தான். அடுப்பின் மேல் கெண்டியில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பதினொரு ஆண்டுக் கிளையும், மூன்று ஆண்டுச் சன்னலும், தானாக நின்ற அந்தக் குதிரையும் ஒருங்கே அவள் கண்முன் வந்தன. பாதி நுரையை வழித்தெறிந்துவிட்டு, கெண்டியைச் சாய்த்தாள். வெந்நீர் பட்டதும் நுரை ஒரு பெருமூச்சு விட்டாற்போல் தணிந்து, மண்நிறமாகி, அடியில் உட்கார்ந்தது. சூடு தணியட்டும் என்று தெளிந்த நீரை வடித்துவிட்டு, கொஞ்சம் குளிர்ந்த சாறு வார்த்து, துடைப்பக் குச்சிகளைக் கட்டிய மத்தால் அடித்தாள். நுரை மேலெழுந்தது. பார்வைக்கு உயிருள்ளது போலவே இருந்தது. வெள்ளைத் துணியை மேலே இழுத்து மூடினாள்.

லவினியா கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். ஏந்திய விரல்கள் கிண்ணத்தின் அடிப்புறத்தில் ஒரு கணம் அசைவற்று நின்றன. ஹெப்ஸிபாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, வழக்கப்படி ஒரு சொல்லும் சொல்லாமல், திடலைக் கடந்து போய்விட்டாள். நிலவறையிலிருந்து வரும் நுரை குளிர்ந்திருக்க வேண்டும் என்பது ஹெப்ஸிபாவுக்கு அப்போது நினைவில் இல்லை. அவள் நினைவெல்லாம் நாளை மறுநாள் அன்னத்தின் தொட்டியில் அசையாமல் கிடக்கப்போகும் சாற்றின் மேலேயே இருந்தது.

வியாழனன்று இரண்டு வீடுகளிலும் புகைபோக்கிகள் புகைந்தன. ஹெப்ஸிபாவும் காய்ச்சினாள், அதாவது, ஈனாக் காய்ச்சினான், அவள் சன்னலில் நின்றாள். வெள்ளிக்கிழமை மாலை, திடலைப் பெருக்கும் சாக்கில் அன்னத்தின் பின்கட்டை எட்டிப்பார்த்துவிட்டு வரும்படி அவனை அனுப்பினாள்.

"எப்படி இருக்கு? சாறு சும்மாதான கெடக்கு?"

"சும்மாவா? முட்டைக்கோசு மாதிரிப் பொங்கி நிக்குதும்மா! தொட்டி வெளிம்புல வழியுது. அந்தம்மா வழிச்சு வழிச்சு வாளியில போடுறாங்க. நம்ம நுரைக்கு இவ்வளவு வீரியம் இருக்குன்னு எனக்கே தெரியாது!"

"நல்லாப் பாத்தியாடா?"

"மூஞ்சியில தெறிச்சுது. இன்னும் எப்படிப் பாக்குறது?"

ஹெப்ஸிபா சமையலறைக்குள் போனாள். கொன்றது எப்படிப் பிழைத்தது? புதன்கிழமை வெந்நீர் பட்ட நுரையில் ஒரு கரண்டியளவு அங்கே பலகையில் சிந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு குவளை இனிப்புச் சாற்றிலிட்டு மூடிவைத்து, மறுநாள் காலை திறந்து பார்த்தாள். ஒரு குமிழ்கூட இல்லை. செத்தது செத்ததாகவே கிடந்தது. நாலு நாள் கல்லறையில் கிடந்தவன் எழுந்து வந்த கதையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் அவள். கர்த்தர்கூட அந்த வெண்ணெய்க்காரியின் பக்கம் நின்றுவிட்டாரோ என்ற எண்ணம் வந்தபோது, பயத்தைக் காட்டிலும் பொறாமையே முந்திக்கொண்டது.

விடை அன்றைக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது. ரொட்டிக்காரர் கிதியோன் டாப் சனிக்கிழமை தவறாமல் வந்து, மாவு பொங்க ஒரு வாளி நுரை வாங்கிப் போவது வழக்கம்.

"கொஞ்சம் கூடவே ஊத்துங்கம்மா இன்னைக்கு," என்றார் அவர். "புதன்கெழமை சாயங்காலம் உங்க ஓரகத்தி கொல்லைச் சந்து வழியா வந்து என் தொட்டியில பாதியை வழிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"என்கிட்ட வாங்கிட்டுப் போனவ உன்கிட்ட எதுக்கு வந்தா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அக்கா குடுத்தது எனக்குப் பத்தல, இதுவும் அக்கா வீட்டதுதானே'ன்னாங்க. நெசந்தானே? பதினெட்டு வருஷமா நீங்க ஊத்துறதுதான் என் தொட்டியில பொங்குது. இந்த ஊர்ல வேகுற ஒவ்வொரு ரொட்டியிலயும் கறுப்பு எருது இருக்குன்னு நான்கூட என் சம்சாரத்துகிட்டச் சொல்லுவேன்."

ஹெப்ஸிபா ஜாடியை அவர் வாளியில் சாய்த்தாள். கொஞ்சம் தரையில் சிந்திற்று. ஒரு கிண்ணத்து நுரையைக் கொன்றவள், வாரம் தவறாமல் அதையே தன் கையால் ஊருக்கு வார்த்துக்கொண்டிருந்ததை மறந்திருந்தாள். 'நுரைக்குக் கை பல, வீடு ஒன்று' என்பது அவ்வூர்ப் பழமொழி. எத்தனை கை மாறினாலும் அது எருதின் நுரைதான்.

பத்தவில்லையாமே! கிண்ணம் நிறையக் கொடுத்ததைப் பத்தவில்லை என்றாளாமே! உண்மையைச் சொல்லியிருக்கலாம். சந்தை நடுவில் நின்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டியிருந்தால், அடுத்த செவ்வாய்க்குள் எருதின் கூடத்தில் ஈ கூட உட்கார்ந்திருக்காது. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஹெப்ஸிபா எட்டு இரவுகள் புரண்டு புரண்டு யோசித்தாள். சுவைகாணிகள் வந்து கூடும் நாளில் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தபோதுதான் கொஞ்சம் தூக்கம் வந்தது. பழிக்குப் பழி என்பது அவளுக்குப் புரிந்த மொழி. ஞாயிறன்று கோயில் வாசலில் லவினியா, "கால்வலி பரவாயில்லயா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த வாரத் தூக்கம் அதோடு போயிற்று.

வாசலைத் தாண்டி வாசல் கேட்டாள் என்று லவினியாமேல் மன்றத்தில் முறையிடலாம். முறையிட்டால், முதல் வாசலில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். ஹெப்ஸிபா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

ஜூலை இரண்டாம் செவ்வாய் பளிச்சென்று விடிந்தது. மாடுகளின் கத்தலுக்கு மேலே மணியோசை கேட்டது. லஸ்கமும் மற்ற இரு சுவைகாணிகளும் கறுப்பு எருதுக்கு முதலில் வந்தார்கள். ஹெப்ஸிபா தன் கையாலேயே குவளைகளை நிரப்பினாள். அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், மடக்கு மடக்காகக் குடித்தார்கள். லஸ்கம் இரண்டாம் மடக்கை விழுங்குமுன் நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்துக்கொண்டார். அவருடைய நாக்கு அண்ணத்தில் ஒட்டினால், கூழ் கருகிய கசப்பு அங்கே இருக்கிறதென்று பொருள். பதினான்கு ஆண்டுகளாக அவரைப் பார்த்துவரும் ஹெப்ஸிபாவுக்கு அது தெரியும். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அங்கே கருத்துச் சொல்வது முறையன்று.

மற்ற மூன்று வீடுகளையும் முடித்துக்கொண்டு அவர்கள் கடைசியாக அன்னத்துக்குள் போனார்கள். கூட்டம் திடலில் நெருக்கியடித்து நின்றது. பிறகு லஸ்கம் குவளையோடு வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீதியையும் குடித்து முடித்தார். சுவைகாணி வெளியே வந்து மீதியைக் குடித்தால் தீர்ப்பு வந்தாயிற்று.

"இந்த ருசி எனக்குப் பழக்கமான ருசி," என்றார் அவர் உரக்க. "எங்கே குடிச்சேன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். கிளை அன்னத்துக்கே!"

ஆரவாரம் எழுந்தது. லவினியா கையை உயர்த்தினாள். ஹெப்ஸிபா கூட்டத்துக்குள் ஓர் எட்டுப் பின்வாங்கினாள். இப்போது சொல்லப்போகிறாள், இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"ஒரு வார்த்தை," என்றாள் லவினியா. "இது எங்க நுரை இல்ல. எங்களது இடியில செத்துப்போச்சு. இந்தத் தொட்டி பொங்குனது அக்கா வீட்டு நுரையில. ஏணியக் கொண்டாங்க. ஆணி அடிக்கவேண்டியவங்க அதோ நிக்கிறாங்க."

அதற்குப் பிறகு ஹெப்ஸிபாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. தோளைத் தட்டினார்கள், வழிவிட்டார்கள், ரொட்டிக்காரர் டாப், "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டிக்காரிக்கே நுரை குடுக்க ஒரு மனசு வேணும்டியம்மா," என்றாள். சுத்தியலைக் கையில் திணித்தார்கள். கிளையைத் திணித்தார்கள். இலை முள் அவள் உள்ளங்கையில் குத்தியது. ஏணியடியில் நிறுத்தி, ஆணியடிப்பவர் குடிக்க வேண்டிய முதல் குவளையை நீட்டினார்கள்.

அவள் குடித்தாள்.

முன்வாயில் ரொட்டித்தோலின் வாசனை, நடுவில் தேன், தொண்டையில் இறங்கியபின் ஆப்பிளின் மெல்லிய புளிப்பு. லஸ்கம் எங்கே குடித்தோமென்று தேடிய ருசி எதுவென்று ஹெப்ஸிபாவுக்குத் தெரிந்தது. டோபியாஸ் உயிரோடிருந்த நாள்களில், கொப்பரையின் மேல் குனிந்து தன் முகத்துக்காக அவள் காத்திருந்த நாள்களில், கறுப்பு எருதின் பீப்பாயிலிருந்து வந்த பீர் இது. அவளுடைய பீர். அவளால் இப்போது காய்ச்ச முடியாத அவளுடைய பீரை, அந்த வெண்ணெய்க்காரி காய்ச்சி அவள் கையிலேயே கொடுத்திருந்தாள். அதுவரை அவள் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்றாகும்படியான பொறாமை அந்த ஒரு குவளையில் இருந்தது.

ஏணியில் ஏறினாள். லவினியா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டிக் கணக்குச் சொல்ல, ஒன்று, இரண்டு என்று ஆணி இறங்கிற்று. மூன்றாம் அடிக்குச் சுத்தியலை ஓங்கியபோது, கைதட்டலின் இரைச்சலுக்குக் கீழே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி லவினியாவின் குரல் வந்தது.

"நன்றி, அக்கா."

ஹெப்ஸிபாவின் கை ஓங்கியபடியே நின்றது. ஹாதர்விக்கில் பிறந்து வளர்ந்த எவரும் நுரைக்கு அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"பதறாதீங்க, உங்க ஜாடிக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் லவினியா, ஏணியை இன்னும் இறுகப் பிடித்தபடி. "நுரைக்குத்தானே நன்றி சொல்லக்கூடாது? வெந்நீருக்குச் சொல்லலாம்ல?"

மூன்றாம் அடி ஆணியின் தலையில் சாய்வாக விழுந்தது. ஆணி வளைந்து, கிளை ஒருபக்கமாகச் சரிந்தது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை. தெரிந்தாலும் அந்த மகிழ்ச்சியில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஹெப்ஸிபா இறங்கி, ஒருவர் முகத்தையும் பாராமல், திடலைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஆண்டு முழுவதும் கிளை அன்னத்தின் வாசலில் சாய்ந்தே தொங்கியது. அடுத்த காய்ச்சலின்போது ஈனாக் பின்கட்டிலிருந்து கூவினான். அவள் எழுந்து போய்க் கொப்பரையின் மேல் குனிந்தாள். ஆனால் ஆவி விலகுமுன் கால்கள் தாமாகச் சன்னலுக்குத் திரும்பிவிட்டன. எந்த மூலையில் நின்று பார்த்தாலும் அந்தச் சாய்ந்த கிளை கண்ணை உறுத்திற்று. காற்றடித்தால் ஆடிற்று, மழை பெய்தால் ஒருபக்கமாகச் சொட்டிற்று. ஒரு நிமிட வேலை. ஆணியைப் பிடுங்கி நேரே அடித்துவிடலாம். அதற்கு ஏணி வேண்டும். ஏணி அன்னத்தில் இருந்தது.

கேட்டால் லவினியா கொடுத்துவிடுவாள். அதைத்தான் ஹெப்ஸிபாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.